மங்கையற்கரசிட புருசன் செய்த தோட்டா

இனிமேல் தோட்டாவுக்காகப் பெண்சாதியிடம் கை நீட்டுவதில்லை என்று உதயரூபன் கிணற்றடியில் நின்று சபதம் எடுத்தார். வாய் நிறைய உமிக்கரி. வாயைக் கொப்பளித்துத் துப்பிய பிறகும் சபதம் உள்ளேயே இருந்தது. அவருடைய வழக்கமான சபதங்கள் கொப்பளித்த தண்ணீரோடு வாழையடிக்குப் போய்விடும். ஆகவே இது கொஞ்சம் கடுமையான சபதம்தான் என்று நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

விசயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளை வந்து ஏறுகிறவர். உன்னிச்சை ஊரில் உதயரூபன் வந்து ஏறிய வீடு, மனைவி மங்கையற்கரசியின் சீதனம். பாலையடி வட்டை என்கிற வயல்வெளியில் இருக்கிற வயலும் அவளுடைய சீதனம். வயலில் இறங்குகிற காட்டுப்பன்றியை, எங்கள் வாயில் பண்டியை, சுட மாமனார் வைத்திருந்த துவக்குகூட வயலோடு வயலாக அவள் பேருக்கே வந்துவிட்டது. உதயரூபன் கொண்டுவந்தது ஒரு பை, அதற்குள் நாலு சாரம். ஊரில் எங்கே போனாலும், "மங்கையற்கரசிட புருசன் வந்திருக்கார், கதிரை போடுங்க" என்பார்கள். கதிரை கிடைக்கும். பேர் கிடைக்காது.

தன்னுடைய பேரை ஒருதரமாவது ஊரார் வாயால் கேட்க வேணும் என்று அந்த மனுசனுக்கு ஆசை. வயலுக்கு ஒரு பெரிய தனியன் பண்டி வந்துபோகிறது. அதைச் சுட்டு விழுத்தினால் "உதயரூபன் விழுத்தின பண்டி" என்று சொல்லித்தானே ஆக வேணும்? பண்டியை "மங்கையற்கரசிட புருசன் விழுத்தின பண்டி" என்று யாராவது இழுத்துக்கொண்டிருப்பார்களா?

ஆனால் தோட்டா இருப்பது மங்கையற்கரசியின் அலுமாரியில், கூறைச்சீலைக்குக் கீழே. சாவி அவள் இடுப்பில். முதல் நாள் பின்னேரம் போய்க் கேட்டிருந்தார்.

"இஞ்ச புள்ள, ஒரு அஞ்சாறு தோட்டா தாவன். பண்டி வந்து வயல உழுதுட்டுப் போகுது."

"ஒண்டு தாறன்."

"ஒண்ட வெச்சு என்ன செய்யிற?"

"ஒரு பண்டியச் சுடுங்க."

"தவறினா?"

"தவறுமெண்டு உங்களுக்கே தெரியுது. அப்ப என்னத்துக்கு அஞ்சாறு?"

அவளையும் குறை சொல்ல ஏலாது. போன போகத்தில் உதயரூபன் பண்டிக்கு வைத்த வெடி, பக்கத்து வயல்காரர் தங்கராசாவின் காவல் குடிசையில், அந்த வாடியில், இருந்த சோத்துப் பானையில் பட்டது. தங்கராசா தங்கமான மனுசன். பானை உடைந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பானைக்குப் பக்கத்தில் தான் படுத்திருந்ததைப் பற்றித்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அன்றிலிருந்து மங்கையற்கரசி ஒரு தோட்டாதான் தருவாள். சுட்ட பிறகு வெற்றுக் கோதைக் கொண்டுவந்து காட்டவும் வேணும். பார்த்துவிட்டு, கட்டிலுக்குக் கீழே இருக்கிற பெட்டிக்குள் எறிந்துவிடுவாள்.

அந்தப் பெட்டியில்தான் உதயரூபனின் மூளை போய் விழுந்தது. கோது இருக்கிறது. உள்ளே மருந்தை நிரப்பினால் தோட்டா. பிறகு ஏன் இவளிடம் பிச்சை கேட்பான்?

எப்படி நிரப்புவது என்று ஃபோனில் தேடினார். ஒரு வெள்ளைக்காரன் மேசைக்கு முன்னால் இருந்து வலு அழகாகத் தோட்டா நிரப்பினான். மங்கைக்குக் கேட்டுவிடும் என்று உதயரூபன் சத்தத்தை முழுதாக நிற்பாட்டிவிட்டு, சாரத்தால் தலையை மூடிக்கொண்டு பார்த்தார். வெள்ளைக்காரன் வேலை செய்ததைவிடக் கதைத்ததுதான் கூட. விரலை ஆட்டி ஆட்டிக் கதைத்தான். அந்த இடங்களை எல்லாம் உதயரூபன் தள்ளித் தள்ளிப் போனார். கண்ணுக்குப் பெரிய கண்ணாடி போட்டிருந்தான். பாவம், பார்வை குறைவு. ஒவ்வொரு துளி மருந்தையும் தராசில் வைத்து நிறுத்தான், சரியான கஞ்சன். மேசையில் ஒரே ஒரு தகரப் பேணி, அதிலும் பெரிய எழுத்தில் பேர் ஒட்டியிருந்தது, மறதிக்காரன். இப்படியாக, சொல்ல வேண்டிய எச்சரிக்கையை எல்லாம் அந்த மனுசன் சொல்லி முடித்தான். ஒன்றையும் கேட்காமல் உதயரூபன் பார்த்து முடித்தார்.

மருந்து வேணுமே. தங்கராசாவின் வாடிக் கூரை இறப்பில், அவருடைய அப்பா காலத்து வெடிமருந்து ஒரு போத்தலில் செருகிக் கிடந்தது. அதன் வயசு அதற்கே தெரியாது. உதயரூபன் அதை எடுத்து மடியில் கட்டும்போது தங்கராசா கண்டுவிட்டார்.

"மச்சான், அது என்னத்துக்கு?"

"தோட்டா நிரப்பப் போறன்."

"உனக்கு விசரா? குழல் வெடிச்சா கையில விரல் மிஞ்சாது. பொலிசுக்குத் தெரிஞ்சா ஆளே மிஞ்சாது."

"ஒருத்தருக்கும் சொல்லாத."

"நான் ஆருக்கடாப்பா சொல்லப் போறன்?" என்றார் தங்கராசா. அவர் முகத்தில் அப்படி ஒரு அப்பாவித்தனம். சோத்துப் பானையை மறந்த முகமாக அது தெரியவில்லை. ஆனால் உதயரூபன் அவசரத்தில் இருந்தார்.

போத்தல் மருந்து கொஞ்சம்தான். யானை துரத்த அரசாங்கம் கொடுத்த வெடியை உடைத்து அதையும் சேர்த்தார். ரெண்டையும் ஒரே பால்மாப் பேணிக்குள் கொட்டிக் குலுக்கினார். கறுப்பும் கறுப்பும் சேர்ந்தால் கறுப்புத்தானே என்பது அவருடைய விஞ்ஞானம்.

பட்டறைக்கு அவர் தெரிந்தெடுத்த இடத்தையும் கேளுங்கள். விதைநெல் மூடை அடுக்கிய சின்ன அறை. அதற்கும் குசினிக்கும் நடுவில் ஒரு அரைச்சுவர். அங்கால அடுப்பு எரியும். இங்கால உதயரூபன் வாயில் பீடியோடு மருந்துப் பேணியைத் திறந்து வைத்துக்கொண்டு இருப்பார். அவருடைய பூட்டன் செய்த புண்ணியம், முதல் நாளே வீடு பறக்கவில்லை.

"அங்க என்ன செய்யிறீங்க?" என்று அங்கால இருந்து குரல் வந்தது.

"விதைநெல்லுக்கு அந்துப்பூச்சி பிடிச்சிருக்கா எண்டு பாக்கன்."

"நல்லாப் பாருங்க. ஆறுதலாப் பாருங்க."

அடுத்த நாள் விடிய மங்கையற்கரசி அடுப்பை முற்றத்துக்கு மாற்றிவிட்டாள். உள்ளுக்குப் புழுக்கமாம். தைப்பனி தரையைப் பிளக்கிற நேரத்தில் புழுக்கம். வீட்டில் இருந்த நெருப்புப்பெட்டிகளும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பீடி பத்த வைக்க உதயரூபன் முற்றத்து அடுப்புக்கு நடந்து போக வேண்டியிருந்தது. அங்கே குந்தியிருந்து குடித்து முடித்துவிட்டு வருவார். இதற்கெல்லாம் ஒரு காரணம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது வேறு. பெண்சாதி தனக்குப் பயப்படத் தொடங்கிவிட்டாள் என்று தோன்றியது.

தோன்றாமல் என்ன செய்யும்? இருபது வருசமாக "குளிக்காம சோத்துக் கோப்பையில கைய வைக்கப்படாது" என்று சட்டம் போட்டவள், இப்போது கிணற்றடிக்குப் போக விடுகிறாளில்லை.

"பனி விழுது. தடிமன் பிடிச்சிரும். இண்டைக்குக் குளிக்க வேணாம்."

"நேத்தும் குளிக்கல்லயே புள்ள."

"நேத்தும் பனிதானே."

வயலுக்கும் விடவில்லை. "காவலத் தங்கராசண்ணன் பாத்துக்கொள்ளுறாராம். நீங்க வீட்டுல இருந்து அந்து பாருங்க" என்றாள். பின்னேரமானால் அவர் உடுத்திருந்த சாரத்தையும் பெனியனையும் கேட்டு வாங்கிக்கொண்டு வேறு ஒன்று கொடுப்பாள். வாங்கிப் போனவை திரும்பி வருவதில்லை. கேட்டால், "ஊறப் போட்டிருக்கு" என்பாள். எங்கே ஊறுகிறது என்று அவர் கேட்கவில்லை. ராசாமாதிரி வைத்துப் பார்க்கிறாள், இதில் விசாரணை வேறா என்று இருந்துவிட்டார். அந்த அறைக்குள் பீடியும் வேர்வையும் பழைய சாக்கும் சேர்ந்து ஒரு மணம் உண்டாகியிருந்தது. பூனைகூட வாசலோடு கிறுகித் திரும்பிப் போனது.

ஒரு பகல் முக்கியமான வேலை நடந்தது. கோதுகளை வரிசையாக நிறுத்தி, தேக்கரண்டியால் மருந்து போட்டுக்கொண்டிருந்தார். எந்தக் கோதில் போட்டாயிற்று, எதில் போடவில்லை என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனார். வலு கவனம்.

"இஞ்ச பாருங்க, ஒரு தேங்காய் துருவித் தாறீங்களா?"

போய்த் துருவினார். பாதித் தேங்காயில் பால்காரன் வந்தான். பால்காரனோடு வெள்ளாமையைப் பற்றிக் கதைத்தார். திரும்பி வந்து பார்த்தால் கோதெல்லாம் ஒரே மாதிரி நிற்கிறது. எது போட்டது, எது போடாதது? அயத்துப் போச்சு. ஒவ்வொன்றையும் கொட்டிப் பார்த்திருக்கலாம். அது பெரிய கரைச்சல். எதுக்கும் கிடக்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் இன்னொரு கரண்டி போட்டு அடைத்துவிட்டார்.

அன்று ராவைக்குப் படுத்த பிறகுதான் நெஞ்சுக்குள் ஒரு குத்தல். சிலதில் ரெண்டு பங்கு மருந்து இருக்கும். எதில்? தங்கராசா சொன்ன விரல் கதை ஞாபகம் வந்தது. தன்னுடைய விரல்களைத் தடவிப் பார்த்துக்கொண்டார். எல்லாம் இருந்தன. சரி, பண்டி தெரிந்தவுடன் கண்ணை மூடிக்கொண்டு சுடுவோம் என்று ஒரு பாதுகாப்பு ஏற்பாட்டையும் செய்துகொண்டு நித்திரையானார்.

சனிக்கிழமை பின்னேரம் தோட்டாக்களை மடியில் கட்டிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் போலப் போய்த் துவக்கைக் கேட்டார். மங்கையற்கரசி துவக்கை எடுத்தாள். ஆனால் அவர் கையில் கொடுக்கவில்லை.

"நடங்க. நானும் வாறன்."

"நீ என்னத்துக்கு?"

"என்ட வயல் எனக்குப் பாக்கப்படாதா?"

அவள் முன்னால் துவக்கோடு. அவர் பின்னால் மடியைப் பிடித்துக்கொண்டு. வாய்க்கால் கரையில் ஏறியதும் அவள் நின்றாள்.

"மடியில என்ன?"

"ஒண்டுமில்ல."

"ஒண்டுமில்லாம சாரம் ஏன் இப்பிடித் தொங்குது?"

இனி மறைத்து என்ன? உதயரூபன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மடியை அவிழ்த்துக் காட்டினார். "தோட்டா. நானே செஞ்சது. இனி உன்ட அலுமாரியும் வேணாம், சாவியும் வேணாம்."

கோபம் வரும் என்று பார்த்தார். வரவில்லை. அவள் முகம் பூத்தது.

"நீங்களாச் செஞ்சது? என்ட கடவுளே. ஒண்டத் தாங்க, நான் சுடுறன்."

"நீயா?"

"துவக்கு என்ட பேர்ல. முதல் வெடி நான் வைக்கிறதுதான் முறை. அதோட, என்ட புருசன் தன்ட கையால செஞ்சது. வேற ஆருக்கும் விடுவனா?"

அவர் தருவதற்கு முன்பே மடியில் இருந்து ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

"பொறு புள்ள. அது கொஞ்சம் கூடக் குறைய இருக்கும்."

"என்னது?"

"மருந்து. சிலதில ரெண்டு தரம் போட்டிருப்பன்."

"எதில?"

"அதுதான் தெரியா. நீ தேங்காய் துருவக் கூப்பிட்டாய்."

"அப்ப பிழை தேங்காயிலதான். வேற என்ன?"

"வேற ஒண்டுமில்ல. மருந்து ரெண்டு சாதி. கலந்துட்டன்."

"வேற?"

"ஒண்டு தங்கராசாட அப்பா காலத்து மருந்து."

"வேற?"

"முதல் நாள் பீடி குடிச்சன்."

"மருந்துக்குக் கிட்டயா?"

"கிட்ட இல்ல. மேல."

"பறவாயில்ல. நீங்க செஞ்சது பிழைக்காது" என்று சொல்லிக்கொண்டே அவள் துவக்கை மடித்துத் திறந்தாள்.

உதயரூபன் பாய்ந்தார். வாழ்நாளில் அவர் இத்தனை வேகமாக ஒன்றும் செய்ததில்லை. தோட்டாவை இறுக்கிப் பிடித்திருந்த அவள் கையை ரெண்டு கையாலும் பொத்திக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வேணாம் புள்ள. உனக்கு ஒண்டு ஆயிட்டா நான் ஆரெண்டு சொல்லித் திரியிற? மங்கையற்கரசிட புருசன் எண்டு சொல்ல மங்கையற்கரசி வேணுமே."

இப்படி ஒரு வார்த்தையை இருபது வருசத்தில் அவள் கேட்டதில்லை. பிறகு துவக்கைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் இருந்த வெற்றிலைக் கொட்டப்பெட்டியைத் திறந்து பாக்குவெட்டியை எடுத்தாள். தோட்டாவை அதற்குள் வைத்தாள்.

அவ்வளவுதான். உதயரூபன் கரையில் இருந்து வாய்க்கால் பக்கமாக உருண்டு விழுந்தார். காதை ரெண்டு கையாலும் பொத்திக்கொண்டு, "ஐயோ, அது பாக்கில்ல" என்று கத்தினார்.

நறுக்கென்று ஒரு சத்தம். பிறகு ஒன்றும் இல்லை. மெல்லத் தலையைத் தூக்கிப் பார்த்தார். மங்கையற்கரசி தோட்டாவுக்குள் இருந்த கறுப்புப் பொடியை உள்ளங்கையில் கொட்டி, சுட்டுவிரலால் தொட்டு, ஆற அமரப் பல் விளக்கிக்கொண்டிருந்தாள்.

"உமிக்கரி" என்றாள் துப்பிவிட்டு. "கொஞ்சம் உப்புக் குறைவு."

"என்ட மருந்து?"

"அது வந்த அண்டைக்கே தண்ணி வாளிக்குள்ள போயிட்டு, பேணிக்குள்ள உமிக்கரி வந்துட்டு. சிந்தினது கிடக்குமெண்டுதான் அடுப்பையும் மாத்தினன். தங்கராசண்ணன் உங்களுக்கு முன்னுக்கே வீட்ட வந்துட்டாரே."

"ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டானே."

"ஒருத்தருக்கும் சொல்லல்ல. துவக்குக்காரிக்குத்தான் சொன்னவர்." அவள் மிச்ச உமிக்கரியைத் தட்டிவிட்டாள். "மருந்தே இருந்தாலும் இது வெடிக்காது. அடியில நெருப்புக் குடுக்கிற கேப்பப் பாருங்க. சுட்டு முடிஞ்ச கேப்பு. அத மாத்தவே இல்ல."

"அதெல்லாம் உனக்கெப்பிடித் தெரியும்?"

"நீங்க பாத்த வீடியோவ உங்கட ஃபோனில நானும் பாத்தன். சத்தத்தோட."

"வெள்ளைக்காரன்ட கதை உனக்கு விளங்கிச்சா?"

"ஒரு இடத்த அமத்தினா அடியில தமிழ் எழுத்து ஓடுது. அந்த மனுசன் முதல் சொன்னதே, தெரியாத ஆள் இதத் தொடப்படாது எண்டுதான். விரல ஆட்டி ஆட்டிக் கதைச்ச இடமெல்லாம் அதைத்தான் சொன்னவன்."

உதயரூபன் வாய்க்கால் சேற்றில் இருந்தபடியே யோசித்தார். "தெரிஞ்சுகொண்டும் என்னத்துக்கு இவ்வளவு நாள் செய்ய விட்டாய்?"

"வேணாமெண்டு சொன்னா வேற எங்கயாவது ஒளிச்சிருந்து, மெய்யான மருந்தோட செய்வீங்க. அத விட நம்மட வீட்டுக்குள்ள உமிக்கரியோட செய்யிறது நல்லந்தானே." அவள் கையை நீட்டி அவரைத் தூக்கிவிட்டாள். "வீடு, வளவு, வயல், துவக்கு எல்லாம் அப்பா தந்தது. வேணுமெண்டு நானாக் கேட்டு எடுத்தது உங்கள மட்டுந்தான். அத வெடிச்சுச் சிதற விடுவனா?"

உதயரூபன் சாரத்தில் ஒட்டிய சேற்றைத் தட்டினார். வெட்கமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது. ஆனாலும் பேர் போனது போனதுதானே. பண்டியும் இல்லை, தோட்டாவும் இல்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவளுக்குப் பின்னால் நடந்தார்.

பாலையடி வட்டை தெரிந்ததும் நின்றுவிட்டார். வயலைச் சுற்றிக் கம்பு நட்டுக் கயிறு கட்டியிருந்தது. கயிறு முழுக்கச் சாரம். நீலக்கட்டம், பச்சைக்கட்டம், மணவறைக்கு அடுத்த நாள் உடுத்த மாம்பழ நிறம். நடுவில் நடுவில் பெனியன். எல்லாம் அவருடையவை. ஒன்றும் துவைக்காதவை. காற்று இந்தப் பக்கம் திரும்பியபோது அவருக்கே கண் கரித்தது.

தங்கராசா வாடியில் இருந்து இறங்கி, தோளில் கிடந்த துவாயால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"மச்சான், ஒரு கிழமையா ஒரு பண்டி வரம்பு தாண்டல்ல. அந்தத் தனியன் வந்திச்சு. உன்ட நீலச் சாரத்துக்குக் கிட்ட நிண்டு ஒரு மூச்சு இழுத்திச்சு. கிறுகி ஓடினது ஓடினதுதான், இன்னும் எங்கயோ ஓடிக்கொண்டுதான் இருக்கும்."

வரம்பைப் பார்த்தால் உண்மைதான். பண்டிக் காலடி வந்த வழியே திரும்பிப் போயிருந்தது. புதிதாக ஒரு கதிர் சாயவில்லை. வெள்ளாமை முழுக்கப் பொன்னாக நின்றது.

"வட்டை முழுக்க இப்ப உன்ட பேர்தான்" என்றார் தங்கராசா. "உதயரூபன்ட சாரம் ஒண்டு எடுத்துத் தா, உதயரூபன்ட சாரம் ஒண்டு எடுத்துத் தா எண்டு எல்லாரும் எனக்குக் கரைச்சல்."

உதயரூபனுக்கு மயிர் கூச்செறிந்தது. இருபது வருசம். ஒரு மனுசன் வாயால் தன் பேர். அதுவும் ரெண்டு தரம். தலையை மெல்ல நிமிர்த்தி, தன்னுடைய சாரங்கள் காவல் காக்கிற வயலை ஒரு சுற்றுப் பார்த்தார். நெஞ்சு நிறைந்துபோய் மங்கையற்கரசியின் பக்கம் திரும்பினார்.

அவள் வயலைப் பார்க்கவில்லை. அவர் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வடக்கு வரம்புக்கு ஒண்டு குறையுது. கொஞ்சம் இருட்டினதும் அத அவிழ்த்துத் தந்துட்டு, குறுக்கு வழியால வீட்ட போங்க."